வென்டிலேட்டர் வந்துவிட்டது, ஓடவைப்பது யார்?

2021 மே மாதம், கோவிட் இரண்டாம் அலையின் நடுவே, பஞ்சாபின் ஃபரீத்கோட்டிலிருந்து ஒரு புகார் கிளம்பியது. அங்குள்ள குரு கோபிந்த் சிங் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மத்திய அரசு அனுப்பிய வென்டிலேட்டர்களில் பெரும்பாலானவை ஓடவில்லை, சும்மா கிடக்கின்றன என்றார்கள். மத்திய சுகாதார அமைச்சகம் மறுத்தது. கருவிகளில் கோளாறு இல்லை; ஆக்சிஜன் பைப்லைனில் போதிய அழுத்தம் இல்லை; ஃப்ளோ சென்சர், பாக்டீரியா ஃபில்டர் போன்ற பாகங்களை மாற்ற வேண்டிய நேரத்தில் மாற்றவில்லை என்றது. காற்றின் அழுத்தத்துக்கும் ஆக்சிஜனின் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் 10 பி.எஸ்.ஐ.க்குள் இருக்க வேண்டும் என்ற குறிப்பும் அந்தப் பதிலில் இருந்தது.

யார் பக்கம் நியாயம் என்பதை விட்டுவிடுவோம். இரண்டு தரப்புப் பேச்சையும் சேர்த்துப் படித்தால் ஒரு வேலையின் முழு விவரமும் அதில் இருக்கிறது. அழுத்தத்தை அளப்பவர், சென்சரை மாற்றுபவர், மாற்றியதை எழுதி வைப்பவர், ஓட்டத் தெரியாதவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவர். அவர்தான் பயோமெடிக்கல் இன்ஜினியர். 2020 மே மாதத்தில் பி.எம். கேர்ஸ் நிதியிலிருந்து 50,000 வென்டிலேட்டருக்கு 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. பணம் கொடுத்தால் பெட்டி வரும். பெட்டியைப் பிரித்து ஒருவருடைய மூச்சோடு இணைக்கும் ஆளை அப்படி லாரியில் ஏற்றி அனுப்ப முடியாது. அந்த ஆள் முன்பே படித்து, முன்பே பழகி, பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

இந்தக் கட்டுரை பெரம்பலூர் மாவட்டத்தில் பாடாலூர், இரூர், செட்டிகுளம் பக்கத்தில் பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளுக்கும், படிப்பை முடித்துவிட்டு வேலை தேடும் இளம் இன்ஜினியர்களுக்கும். "மெஷின் ரிப்பேர் பண்ற வேலைதானே?" என்று வீட்டில் கேட்பார்கள். ரிப்பேர் அதில் ஒரு பகுதி. மீதியைப் பார்ப்போம்.

ஏன் இங்கேயே?

பாடாலூர் சென்னை–திருச்சி தேசிய நெடுஞ்சாலையின் மேல் இருக்கிறது. வடக்கே போனால் சிறுவாச்சூரில் தனியார் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அதையும் தாண்டினால் பெரம்பலூர் அரசுத் தலைமை மருத்துவமனை. தெற்கே ஒரு மணி நேரத்துக்குள் திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை. கிழக்கே அரியலூரில் 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி. இவற்றுக்கு நடுவே ஆரம்ப சுகாதார நிலையங்களும் சிறிய தனியார் நர்சிங் ஹோம்களும். ஒவ்வொன்றிலும் ஈ.சி.ஜி., மானிட்டர், சக்‌ஷன், ஆட்டோகிளேவ், குழந்தைகளுக்கான வார்மர் என்று ஏதாவது ஓடிக்கொண்டிருக்கிறது, அல்லது ஓடாமல் ஒரு துணி போர்த்தியபடி நிற்கிறது.

2020 மே மாதத்தில் கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பியவர்கள் மூலம் அரியலூரிலும் பெரம்பலூரிலும் தொற்று திடீரென உயர்ந்தது நினைவிருக்கும். அந்த நாட்களில் மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும். கருவி விற்ற கம்பெனியின் சர்வீஸ் ஆள் சென்னையிலோ பெங்களூரிலோ இருந்தார். போனிலும் வீடியோ காலிலும்தான் வழி சொல்ல முடிந்தது. மறுமுனையில் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்த, சர்வீஸ் மேனுவல் படிக்கத் தெரிந்த ஒருவர் இருந்த இடத்தில் கருவி அன்றே ஓடியது. இல்லாத இடத்தில் ஊரடங்கு தளரும்வரை காத்திருந்தது. சென்னையில் வேலை பார்ப்பதுதான் முன்னேற்றம் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். இந்தத் தொழிலைப் பொறுத்தவரை நான் அதை ஏற்க மாட்டேன். பெரிய நகரத்தில் ஒரு கருவி நின்றால் அடுத்தது இருக்கும். இங்கே பல இடங்களில் இருப்பதே ஒன்றுதான்.

முதலில் வாயுக் கணக்கு

கல்லூரியில் சிக்னல் பிராசசிங், மெடிக்கல் இமேஜிங் எல்லாம் சொல்லித் தருவார்கள். அவை தேவைதான். ஆனால் பெருந்தொற்றில் உயிர் தங்கியிருந்தது எட்டாம் வகுப்புக் கணக்கில்.

ஆஸ்பத்திரி வாசலில் லாரியிலிருந்து இறக்கும் பெரிய சிலிண்டரை 'டி' டைப் என்பார்கள். அதில் ஏறத்தாழ 7,000 லிட்டர் வாயு. நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் மாஸ்க்கில் கொடுத்தால் ஒரு நோயாளிக்கு 700 நிமிடம், அதாவது பதினொன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். அதே நோயாளியை ஹை ஃப்ளோ நேசல் கருவிக்கு மாற்றி, முழு ஆக்சிஜனை நிமிடத்துக்கு 60 லிட்டர் ஓடவிட்டால் அதே சிலிண்டர் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. டாக்டர் ஒரு குமிழைத் திருப்பினார், அவ்வளவுதான். கிடங்கில் கணக்கு ஆறு மடங்கு மாறிவிட்டது. அந்த மாற்றத்தைக் கணித்து "இன்றிரவு பத்து மணிக்குள் இத்தனை சிலிண்டர் வேண்டும்" என்று மாலையிலேயே சொல்பவர் வேண்டும்.

திரவ ஆக்சிஜன் டேங்க் இருக்கும் ஆஸ்பத்திரியில் கணக்கு வேறு. ஒரு லிட்டர் திரவம் விரிந்து சுமார் 860 லிட்டர் வாயுவாகும். 6,000 லிட்டர் டேங்க் நிரம்பியிருக்கிறது, வார்டுகள் சேர்ந்து நிமிடத்துக்கு 1,000 லிட்டர் இழுக்கின்றன என்றால் மூன்றரை நாள் தாங்கும் என்று காகிதம் சொல்லும். ஆனால் திரவத்தை வாயுவாக்கும் வேப்பரைசருக்கு ஓர் எல்லை உண்டு. அதை மீறி இழுத்தால் குழாய்களில் பனி கட்டும், அழுத்தம் விழும். டேங்கில் சரக்கு இருக்கும், கடைசிப் படுக்கையில் மூச்சு இருக்காது. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 2021 மே 4 இரவு 13 பேர் இறந்தபோது ஆக்சிஜன் அழுத்தம் குறைந்ததா என்ற கேள்வி மாநிலம் முழுக்க எழுந்தது; தட்டுப்பாடு இல்லை என்றது நிர்வாகம். அதற்கு இரண்டு வாரம் முன்பு, ஏப்ரல் 21 அன்று, நாசிக்கின் ஜாகிர் உசேன் மருத்துவமனையில் டேங்கில் கசிவு ஏற்பட்டு, அழுத்தம் சரிந்து 20-க்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்பதும் படுக்கையில் என்ன அழுத்தம் வருகிறது என்பதும் தனித்தனிக் கேள்விகள். இரண்டாவது கேள்வியை மணிக்கொரு முறை கேட்பவர்தான் பயோமெடிக்கல் இன்ஜினியர். பைப்லைன் தொடங்கும் இடம், வளையும் இடம், முடியும் இடம் மூன்றிலும் கேஜ் பார்த்து எழுதும் பழக்கம் வர வேண்டும். கடைசிப் படுக்கையில் அழுத்தம் எப்போதும் குறைவாக வருகிறது என்றால், அதிக ஆக்சிஜன் தேவைப்படும் நோயாளியை அங்கே படுக்க வைக்காதீர்கள் என்று டாக்டரிடம் சொல்லும் தைரியமும் வர வேண்டும்.

மூன்றாவது வழி, காற்றிலிருந்தே ஆக்சிஜன் பிரிக்கும் பி.எஸ்.ஏ. பிளாண்ட். காற்றை அழுத்தி ஜியோலைட் நிரப்பிய கோபுரத்துக்குள் செலுத்தினால் நைட்ரஜனை அது பிடித்துக்கொள்ளும். சுமார் 93 விழுக்காடு ஆக்சிஜன் வெளியே வரும். தேஜஸ் போர் விமானத்தில் விமானிக்கு மூச்சுக் கொடுக்க டி.ஆர்.டி.ஓ. உருவாக்கிய நுட்பத்தை 2021-இல் ஆஸ்பத்திரிக்குத் திருப்பினார்கள். அதைத் தயாரித்தவர்களில் ஒன்று கோயம்புத்தூரின் டிரைடன்ட் நியூமேட்டிக்ஸ் என்பதில் நமக்கொரு பெருமை உண்டு. நிமிடத்துக்கு 1,000 லிட்டர் தரும் இந்த பிளாண்ட், தலைக்கு 5 லிட்டர் வீதம் 190 பேருக்குப் போதும் என்றது அரசு அறிவிப்பு. அதையே 60 லிட்டர் கருவிகளுக்குப் பிரித்தால் 16 பேர். அறிவிப்பைப் படிக்கும்போதே இந்த வகுத்தலையும் மனத்துக்குள் போட்டுப் பார்க்கிற பிள்ளை இந்தத் தொழிலுக்குத் தோதானவர்.

தூசி, வெயில், கரன்ட்

கருவியின் மேனுவல் குளிர்ந்த அறை, சுத்தமான காற்று, சீரான மின்சாரம் என்று எழுதப்பட்டிருக்கும். நம் பக்கத்தில் கல்குவாரியும் கிரஷரும் உண்டு, அரியலூர் முழுக்க சுண்ணாம்புக்கல் லாரியும் சிமென்ட் ஆலையும். ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரின் பின்புறம் ஒரு பஞ்சு ஃபில்டர் இருக்கும். அது அடைத்தால் கம்ப்ரசர் சூடேறும், ஆக்சிஜன் விழுக்காடு இறங்கும். வெளியே மீட்டரில் குண்டு 5 லிட்டரில்தான் மிதக்கும், வருவது என்னவோ வெறும் காற்றாக இருக்கலாம். ஆகவே ஓட்டத்தை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாமல், ஆக்சிஜன் அனலைசர் வைத்து விழுக்காட்டையும் பார்க்க வேண்டும். ஃபில்டரைக் கழுவும் இடைவெளியை மேனுவல் சொல்வதைவிடக் குறைத்துக்கொள்ளுங்கள். பி.எஸ்.ஏ. பிளாண்டில் ஈரமும் எண்ணெயும் உள்ளே போனால் ஜியோலைட்டே கெட்டுவிடும். டிரையரையும் ஃபில்டரையும் பார்ப்பது அங்கே தினசரி வேலை.

இரண்டாம் அலை உச்சத்துக்கு வந்தது கத்தரி வெயிலில். பல கான்சன்ட்ரேட்டர்கள் 40 டிகிரி வரைதான் ஓடத் தகுந்தவை. ஷீட் கொட்டகையில் சுவரை ஒட்டி வைத்தால் அந்த எல்லையை மே மாத மதியமே தாண்டிவிடும். சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி வை, மேலே போர்வை போடாதே என்று சொல்வதும் இன்ஜினியர் வேலைதான்.

கரன்ட் விஷயத்தில் நம் பிள்ளைகளுக்கு ஒரு அனுகூலம் இருக்கிறது. மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் போடுகிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு லோ வோல்டேஜில் மோட்டார் காயில் எரிந்த கதை தெரியும், எர்த் சரியில்லாத ஸ்டார்ட்டர் கையைத் தட்டிவிட்டதும் தெரியும். அதே அறிவுதான் இங்கேயும் வேண்டும், இன்னும் துல்லியமாக. நோயாளியின் உடம்பில் ஒட்டிய கம்பி வழியாகப் போகும் மிகச் சிறிய கசிவு மின்சாரமும் ஆபத்து. எலக்ட்ரிகல் சேஃப்டி அனலைசரில் அதை அளக்கக் கற்றுக்கொள்ளுங்கள். யு.பி.எஸ். பேட்டரியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை உண்மையான லோடு கொடுத்து, கரன்டை நிறுத்திப் பாருங்கள். பச்சை விளக்கு எரிகிறது என்பது சோதனை ஆகாது.

தீயைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 2020 ஆகஸ்டில் அகமதாபாத், நவம்பரில் ராஜ்கோட், 2021 ஏப்ரல் 23-இல் விரார் என்று கோவிட் ஐ.சி.யு.க்களில் அடுத்தடுத்துத் தீப்பிடித்தது. மூடிய அறையில் நாள்கணக்கில் ஆக்சிஜன் கசிந்து சேர்கிறது. ஏசியும் கருவிகளும் ஓய்வில்லாமல் ஓடி வயரைச் சூடாக்குகின்றன. ஒரே பிளக்கில் மூன்று கருவியை எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு மாட்டியிருப்பதைப் பார்த்தால் தயங்காமல் கழற்றச் சொல்லுங்கள். ரெகுலேட்டரில் எண்ணெய், கிரீஸ் தொடவே கூடாது. இதில் இன்ஜினியர் கறாராக இருந்தால் வார்டில் கெட்ட பெயர் வரும். வரட்டும்.

விரலில் மாட்டும் சிறு கருவி

பல்ஸ் ஆக்சிமீட்டரை உருவாக்கிய ஜப்பானிய இன்ஜினியர் தகுவோ அயோயாகி. 1970-களின் தொடக்கத்தில் நிஹோன் கோடன் நிறுவனத்தில் இருந்தபோது கண்ட வழி அது. சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் விரலுக்குள் போய்வரும் வித்தியாசத்திலிருந்து ரத்தத்தின் ஆக்சிஜனைக் கணிக்கிறது. உலகமே அதை விரலில் மாட்டிக்கொண்டிருந்த 2020 ஏப்ரல் 18 அன்று அவர் காலமானார். டாக்டர் அல்லாத ஒருவர் மருத்துவத்துக்குக் கொடுத்த கொடைகளில் இதைவிடப் பெரியது அதிகமில்லை.

ஆனால் அதன் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், கருவி 'நன்றாக இருக்கிறது' என்று காட்டியபோதும் ரத்தப் பரிசோதனையில் ஆக்சிஜன் குறைவாக இருந்தவர்கள் வெள்ளையரில் 3.6 விழுக்காடு, கறுப்பினத்தவரில் 11.7 விழுக்காடு. தோலின் நிறம் ஒளியைத் தடுக்கிறது. நம் வயல்காட்டில் வெயிலில் கறுத்த விரல்களுக்கு இந்தச் செய்தி மிக முக்கியம். மருதாணி, நகப்பூச்சு, குளிர்ந்த விரல், ஆட்டம் எல்லாமே எண்ணை மாற்றும். கருவி 94 காட்டுகிறது, நோயாளி மூச்சு வாங்குகிறார் என்றால் நோயாளி சொல்வதுதான் சரி என்று நர்சுகளுக்கும் ஆஷா ஊழியர்களுக்கும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இரவு இரண்டு மணிக்கு வரும் போன்

இந்த வேலையில் கைத்திறனைவிடப் போனில் பேசும் திறன் அதிக உயிர்களைக் காக்கும். எப்படிப் பேச வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி:

"சார், மூணாம் பெட் வென்டிலேட்டர் கத்திக்கிட்டே இருக்கு."

"பேஷன்ட்டுக்கு மூச்சு போகுதா சிஸ்டர்? சந்தேகமா இருந்தா மெஷினைக் கழட்டிட்டு ஆம்பு பேக்ல குடுங்க, டாக்டரைக் கூப்பிடுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

"டாக்டர் இங்கதான் இருக்காரு. ஆம்பு குடுத்துட்டுத்தான் இருக்கோம்."

"நல்லது. ஸ்கிரீன்ல என்ன வருதோ அப்படியே படிங்க."

"லோ ஆக்சிஜன் சப்ளைனு வருது."

"பக்கத்து பெட் மெஷினும் அப்படிக் காட்டுதா?"

"இல்ல சார், அது ஓடுது."

"அப்ப லைன்ல பிரஷர் இருக்கு. சுவத்துல மாட்டியிருக்கற ஹோஸைக் கழட்டி மறுபடி மாட்டுங்க. க்ளிக்னு சத்தம் வரணும்."

முதல் கேள்வி மனிதரைப் பற்றியது. இரண்டாவது, சிஸ்டரின் ஊகத்தைக் கேட்காமல் திரையில் உள்ள எழுத்தைக் கேட்கிறது. மூன்றாவது கேள்வி கோளாறை இரண்டாகப் பிரித்துவிடுகிறது: கருவியிலா, லைனிலா. சிஸ்டருக்குத் தெரியாது என்ற தொனி ஒரு சொல்லில்கூட வரக் கூடாது. பன்னிரண்டு மணி நேரம் கவச உடைக்குள் வியர்த்து நிற்பவர் அவர். அவர் தயங்காமல் உங்களைக் கூப்பிட்டால்தான் கோளாறு சின்னதாக இருக்கும்போதே உங்களுக்குத் தெரியவரும்.

புத்திசாலித்தனத்துக்கு எல்லை

நெருக்கடியில் எதையாவது செய்துவிட வேண்டும் என்ற துடிப்பு வரும். 1952-இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது கருவி போதாமல் சுமார் 1,500 மருத்துவ, பல் மருத்துவ மாணவர்கள் முறை வைத்துக் கையாலேயே பை அழுத்தி நோயாளிகளுக்கு மூச்சுக் கொடுத்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு என்பதே அந்த அனுபவத்திலிருந்து வளர்ந்ததுதான். 2020-இல் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம், அப்படிக் கையால் அழுத்தும் ஆம்பு பையை மோட்டாரால் அழுத்தும் அவசர வென்டிலேட்டரை உருவாக்கி விப்ரோ 3டி நிறுவனத்தோடு கைகோத்தது. நல்ல முயற்சிகள் இவை. பின்னால் மருத்துவர்களும் சோதனையும் இருந்தன.

ஒரே வென்டிலேட்டரை டி-பீஸ் போட்டு இரண்டு பேருக்குப் பிரிக்கும் காணொளிகளும் அப்போது பரவின. அமெரிக்காவின் தீவிர சிகிச்சை, மயக்கவியல் மருத்துவச் சங்கங்கள் 2020 மார்ச் 26 அன்று கூட்டாக அறிக்கை விட்டு, வேண்டாம் என்றன. இருவர் நுரையீரலும் ஒரே மாதிரி விரியாது. ஒருவருக்குக் கூடும், ஒருவருக்குக் குறையும். வெளியே செய்யும் வேலையில் எவ்வளவு வேண்டுமானாலும் சமயோசிதம் காட்டுங்கள்: ஸ்டாண்ட், டிராலி, ஹோஸ் நீட்டிப்பு, வயரிங். நோயாளியின் மூச்சுப் பாதைக்குள் எதையும் டாக்டரின் சம்மதமும் சோதனையும் இல்லாமல் மாட்டாதீர்கள்.

படிப்பு வழி

பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்தவர்கள் பொறியியல் கலந்தாய்வு வழியாக பி.இ. பயோமெடிக்கல் சேரலாம். கிண்டி, கோவை பி.எஸ்.ஜி. போன்ற இடங்களில் கட்-ஆஃப் உயரமாக இருக்கும். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் பொறியியலிலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. அதில் சேருவோருக்குக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. பாடாலூர் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இதைத் தவற விடவே கூடாது. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். எந்த ஆஸ்பத்திரியோடு ஒப்பந்தம், எத்தனை வாரம் பயிற்சி என்று கேளுங்கள். ஆஸ்பத்திரி வாசம் படாத பயோமெடிக்கல் பட்டம் பாதிப் பட்டம்தான்.

டிப்ளமோ படித்தவர்கள் நேரடி இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஐ.டி.ஐ.யிலும் மெடிக்கல் எலக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியன் பிரிவு சில இடங்களில் இருக்கிறது. எலக்ட்ரானிக்ஸ், எலக்ட்ரிகல், இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தவர்கள் ஒதுங்க வேண்டாம். பல ஆஸ்பத்திரிகளில் அவர்களும் இதே வேலையில் இருக்கிறார்கள். 2021 ஜூன் 18 அன்று மத்திய அரசு ஒரு லட்சம் பேருக்குக் கோவிட் குறுகிய காலப் பயிற்சி தொடங்கியபோது ஆறு பிரிவுகளில் ஒன்றாக மருத்துவக் கருவி உதவியாளர் பணியையும் சேர்த்தது. நெருக்கடி வந்த பிறகுதான் இந்த ஆட்கள் நாட்டின் கண்ணில் பட்டார்கள்.

மேலே போக விரும்புபவர்களுக்கு ஐ.ஐ.டி. சென்னை, வேலூர் சி.எம்.சி., ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் மூன்றும் சேர்ந்து நடத்தும் கிளினிக்கல் இன்ஜினியரிங் எம்.டெக். இருக்கிறது. இன்ஜினியரை வார்டுக்குள் நடக்கவிடும் படிப்பு அது. கேட் தேர்வுக்கு மூன்றாம் ஆண்டிலிருந்தே உழைக்கலாம், தகும்.

வீட்டிலிருந்தபடி படிக்க 'பிராங்க்ஸ் ஹாஸ்பிடல் வொர்க்‌ஷாப்' என்ற இணையதளத்தில் கருவிவாரியாகப் பாடமும் மேனுவலும் இலவசம். ஐஃபிக்ஸிட் 2020 மே மாதம் 13,000-க்கும் மேற்பட்ட மருத்துவக் கருவிக் கையேடுகளைத் திரட்டி வெளியிட்டது. கம்பெனிகள் பூட்டி வைத்த மேனுவல் கிடைக்காமல் ஆஸ்பத்திரிகள் தவித்த நேரம் அது. ஆங்கிலம் தடுமாறினாலும் வரைபடத்திலிருந்து தொடங்குங்கள். அது எல்லோருக்கும் ஒரே மொழி.

வேலை எங்கே?

அரசு மருத்துவமனைகளுக்குக் கருவி வாங்குவதும் பராமரிப்பை ஒருங்கிணைப்பதும் 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். அதன் அறிவிப்புகளைக் கவனித்துக்கொண்டே இருங்கள். தனியார் மருத்துவக் கல்லூரிகளும் பெரிய ஆஸ்பத்திரிகளும் சொந்தமாக ஆள் வைத்திருக்கின்றன. கருவிக் கம்பெனிகளின் களப்பணி இன்ஜினியர் வேலை அலைச்சல் மிகுந்தது, ஆனால் மூன்றே ஆண்டில் கற்றுத்தருவது ஏராளம். இன்னொரு கதவும் திறந்திருக்கிறது: எல்லா மருத்துவக் கருவிகளும் 2020 ஏப்ரல் முதல் மருந்துச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன, உரிமம் பெறுவது 'ஏ', 'பி' பிரிவுகளுக்கு 2022 அக்டோபரிலிருந்தும், 'சி', 'டி' பிரிவுகளுக்கு 2023 அக்டோபரிலிருந்தும் கட்டாயம். தரக் கட்டுப்பாடு, உரிம ஆவணம் தயாரிப்பு என்று இதில் அலுவலக வேலைகள் வளர்கின்றன. காஞ்சிபுரம் மாவட்டம் ஒரகடத்தில் மருத்துவக் கருவிப் பூங்காவும் வருகிறது.

தேசிய சுகாதார இயக்கம் நாடு முழுக்க எடுத்த கணக்கில் 29,115 மருத்துவ நிலையங்களில் 7,56,750 கருவிகள். மாநிலத்துக்கு மாநிலம் 13 முதல் 34 விழுக்காடு பழுது. மாவட்ட மருத்துவமனையில் கருவிகள் 95 விழுக்காடு நேரம் ஓட வேண்டும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் 80 விழுக்காடு என்று இலக்கு வைத்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஏன் குறைவு என்பது எனக்கு ஆறாத கேள்வி. தூரத்தில் இருப்பவர்களுக்குத்தான் கூடுதல் வேண்டும்.

சேர்ந்த முதல் மாதம்

கருவியைத் தொடும் முன் நோட்டை எடுங்கள். எந்த வார்டில் எந்தக் கருவி, மாடல், சீரியல் எண், வாங்கிய தேதி, வாரன்டி முடிவு, ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) யாரிடம், கடைசியாகக் காலிபரேஷன் எப்போது. ஓடாதவற்றையும் எழுதுங்கள், அவற்றில் பாதி, ஒரு கேபிளோ பேட்டரியோ இல்லாமல் நிற்பவையாக இருக்கும். அதன் பிறகு உதிரிப் பொருள்: ஃப்ளோ சென்சர், ஆக்சிஜன் செல், ஃபில்டர், ஈ.சி.ஜி. லீட், எஸ்.பி.ஓ.2 புரோப். ஊரடங்கு வந்தால் மூன்று மாதத்துக்குப் போதுமா என்று கணக்கிட்டு, கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள். ஆக்சிஜன் செல் பெட்டியில் சும்மா இருந்தாலும் ஆயுள் குறையும், அதை அதிகம் வாங்கிக் குவிக்கக் கூடாது.

தடுப்பூசி வைக்கும் ஐ.எல்.ஆர். குளிர்பெட்டியை மறந்துவிடுவார்கள். 2021 ஜனவரி 16-இல் தொடங்கிய கோவிட் தடுப்பூசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்தாக வேண்டியிருந்தது. மின்சாரம் போனால் எத்தனை மணி நேரம் குளிர் தாங்குகிறது என்று ஒரு நாள் சோதித்து எழுதிவையுங்கள், உள்ளே மருந்து இல்லாத நாளில்.

தொற்றுக் காலத்தில் வார்டிலிருந்து வரும் எந்தக் கருவியையும் கிருமி நீக்கம் செய்த சீட்டு இல்லாமல் பெஞ்சில் வைக்காதீர்கள். கவச உடை அணிவதையும், அதைவிட முக்கியமாகக் கழற்றுவதையும் நர்சுகளிடம் போய்ப் பழகுங்கள்.

நேர்காணலுக்குப் போகும்போது மார்க் ஷீட்டோடு நீங்கள் பயிற்சியில் எழுதிய ஒரு சர்வீஸ் ரிப்போர்ட்டைக் கொண்டுபோங்கள்: என்ன கோளாறு, எப்படிக் கண்டுபிடித்தீர்கள், என்ன மாற்றினீர்கள், பிறகு எப்படிச் சோதித்தீர்கள். சேரும் முன் நீங்களும் கேளுங்கள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போடுவார்களா, காப்பீடு உண்டா, இரவு அழைப்புக்குத் தனி ஊதியமா, வண்டி யார் தருவார்கள், பெண்களுக்கு இரவில் தங்கும் அறை உண்டா, கவச உடை இன்ஜினியர் கணக்கிலும் வருமா என்று. 2020-இல் டாக்டருக்கும் நர்ஸுக்கும் கணக்கிட்டுக் கவச உடை வாங்கிய பல இடங்களில் கருவிக்காரர் கணக்கில் வரவில்லை. பல பணியிடங்கள் ஒப்பந்த முறையில்தான் இருக்கின்றன. ஒப்பந்தக் காலமும் புதுப்பிக்கும் விதியும் எழுத்தில் வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.